பன்னிரண்டு ஜீரோ

போன வாரம் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டேன். பொய் என்று தெரியாமலே எழுதிய பொய்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஹோட்டல் சப்ளையர், லேத் மெஷின்... சுற்றிச் சுற்றி இப்போது சனத்நகரில் ஒரு பட்டறை. துகள் முடுக்கி என்ற ராட்சத மெஷினுக்குக் குழாய் செய்கிறோம். அதற்குள் எலெக்ட்ரான் கற்றை ஓடும். நடுவில்தான் ஓடுகிறதா? கண்டுபிடிக்க, குழாயைச் சுற்றி நாலு உலோகப் பொத்தான்கள். கற்றை எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அங்கே சிக்னல் கூடும்.

கற்றைக்கு நாங்கள் எங்கே போவது? குழாயின் நட்டநடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் சிக்னல் விட்டுச் சோதிப்போம். அது என் வேலை.

முதல் குழாயில் நாலும் சமமாக வரவில்லை. கோணல் என்றால் பட்டறைக்காரன் கை சும்மா இருக்குமா? கம்பியை லேசாக நகர்த்திச் சமமாக்கினேன். மற்ற பதினொரு குழாய்க்கும் அதேதான். ரிப்போர்ட்டில் வித்தியாசம் – பன்னிரண்டு ஜீரோ. பெருமையாகக்கூட இருந்தது.

குழாய்களை வாங்க வந்த இன்ஜினீயர் கோமதி, தூத்துக்குடிப் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பன்னிரண்டும் எப்படி ஒரே மாதிரி என்று கேட்டார்.

ஃபோர்மேன் ரஷீத் பாய் என் காதோரம், "நக்கோ மியா, வேண்டாம், சும்மா இரு. சாயங்காலம் லோடு போகணும்" என்றார். என் கான்ட்ராக்ட் அவர் கையில்.

கம்பியை நகர்த்தியதைக் கோமதியிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, கோணலா இருந்தா இருக்கட்டும். எவ்வளவுன்னு தெரிஞ்சா நாங்க கழிச்சுக்குவோம். நீங்க மறைச்சா, கற்றை ஓரமா ஓடும்... நாங்க நடுன்னு நம்பிட்டிருப்போம்."

நாமெல்லாம் இப்படித்தானே? சுகர் டெஸ்டுக்கு முன் இரண்டு நாள் இனிப்பை நிறுத்திவிட்டு, ரிப்போர்ட் நார்மல் என்று சந்தோஷப்படுகிறோம்.

பன்னிரண்டையும் திரும்ப அளக்கிறேன் என்றேன். லோடு நின்றது. இரண்டு நாள் ரஷீத் பாய் என்னோடு பேசவில்லை. கான்ட்ராக்ட் நீளுமா, தெரியாது. கம்பியை நடுவில் வைத்தேன். மறுபடி அதை நகர்த்திவிடாதபடி இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வந்ததை வந்தபடி எழுதினேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கோணல்.

ஒன்பதாவது குழாய் மட்டும் நிஜமாகவே ஜீரோ. யார் நம்புவார்கள்? அதை மட்டும் ஐந்து தடவை அளந்தேன்.