முதுகோடு முதுகு

எங்கள் பக்கத்தில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மண்டபங்களெல்லாம் பூட்டிக் கிடக்கும். கும்பகோணத்துக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில், சாலையோரத்து மண்டபம் ஒன்று எனக்கு ஒத்திகைக்குக் கிடைத்தது அதனால்தான். அதன் உரிமையாளர் என் அண்ணனோடு படித்தவர். "சும்மாதானே கெடக்கு, ஆடிட்டுப் போகட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஊரே ஆடி போய் ஆவணி வரட்டும் என்று காத்திருக்கும். ஆடி எப்போது வரும் என்று காத்திருந்தவள் அந்தச் சீமையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் ஆடுவது கன்டெம்பரரி. இதை விளக்கியே என் பாதி ஆயுள் போய்விட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, நடனம் ஆடுகிறவள் என்று சொன்னால் உள்ளூர்க்காரர்கள் உடனே என் காலைப் பார்ப்பார்கள், சலங்கை எங்கே என்று. "பரதம் இல்லீங்க" என்றால், "அப்ப வெஸ்டர்னா?" என்பார்கள். சரி, இவர்கள்தான் இப்படி என்று வெளிநாட்டுக்குப் போனால், அங்கே இருக்கிறவர்களும் தஞ்சாவூர் என்ற பெயரைக் கேட்டதும் என் காலைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். வெறுங்காலோடு ஓடி, விழுந்து, உருண்டு, எழுந்து ஆடுகிற ஆட்டத்துக்கு எங்கே போய்ச் சலங்கை கட்டுவது?

இந்த ஆட்டத்தில் ஒரு ஊரில் உட்கார்ந்து பிழைக்க முடியாது. பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்புப் பெண்களுக்குக் காலை வகுப்பு, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் முதுகு வலிக்காரர்களுக்கு நீட்டி மடக்கும் வகுப்பு, நடுவில் எங்காவது ஒரு விழாவுக்கு விண்ணப்பம். பதில் வரும்வரை போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். பதில் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், வராவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது ஓடுவேன். ஊருக்கு வந்தாலும் அப்படித்தான். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிடுவேன். "ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்காதும்பாங்க, சரியாத்தான் இருக்கு. ஒரு வாய் உக்காந்து சாப்பிடேன்" என்பார் அண்ணி. அண்ணனுக்கு வேறு சந்தேகம். "முட்டி வலிக்குதுங்குற. அப்புறம் ஏன் நீயா போயி விழுந்து விழுந்து எந்திரிக்கிற?" குறுவைக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வரப்பில் நின்றபடி கேட்டார். வலது முட்டி அந்த வருஷம் நிஜமாகவே என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது.

அந்த ஆடியில் என்னோடு ஆடியவன் பல வருஷமாக என் ஜோடி. அவன் ஊர் எங்கள் ஊரிலிருந்து ஒரு வாய்க்கால் தாண்டி. அவன் தாத்தா பாட்டி எங்கள் ஊர் வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள். இப்போது அவன் அக்கா நர்ஸ், மாமா குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி பண்ணுகிறார், அவன் எம்.காம். இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் நாங்கள் முதலில் சந்தித்தது பெங்களூரில், ஒரு நடனப் பயிற்சிக் கூடத்தில். அங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், 'வா, போ' என்பான், நான் சொதப்பினால் திட்டுவான். ஊருக்கு வரும்போது பேருந்து தஞ்சாவூர் தாண்டியதும் 'அக்கா, வாங்க' ஆகிவிடுவேன். முதல் தடவை சிரித்தேன். பிறகு சண்டை போட்டேன். "இங்க அப்படித்தான்க்கா வருது" என்று முடித்துவிட்டான்.

நாங்கள் அப்போது செய்துகொண்டிருந்தது இருவர் ஆட்டம். ஓட்டமும் விழுதலும் மோதலுமாகப் போய், கடைசிக்குச் சற்று முன்னால் இசை சட்டென்று நின்றுவிடும். முதுகோடு முதுகு சாய்த்து, ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்கி, அசையாமல் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் விலகினால் மற்றவர் விழவேண்டியதுதான். அந்த நிற்றல் அவனுடைய யோசனை. எனக்கு ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. நின்ற மறுகணமே எனக்கு மூக்கு அரிக்கும், தோள் இழுக்கும், குதிகால் தானாக எழும்பும். "எறும்பு ஏறுதாக்கா?" என்பான் பின்னாலிருந்து. அவன் முதுகு மட்டும் ஆடாது. அதில் சாய்ந்து சாய்ந்துதான் நிற்க ஓரளவு பழகினேன்.

ஒத்திகை பாதியில் இருக்கும்போது அவனுக்கு அரசாங்க வேலை வந்தது. தேர்வு எழுதியது எனக்குத் தெரியும், ஆனால் ஆயிரத்தில் ஒருத்தருக்குக் கிடைக்கிற வேலை இவனுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று கிண்டல் பண்ணியிருந்தேன். கிடைத்துவிட்டது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு ஊருக்கு வி.ஏ.ஓ. அவன் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. அவன் போய்விட்டால் ஆட்டம் போய்விடும். அதைவிட, எனக்கு இருந்த முட்டிக்கும் வயதுக்கும் இன்னொருவரோடு முதலிலிருந்து தொடங்க முடியுமா என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டு விழாவுக்கு ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பெண்மணி, தாராசுரம் கோயில் பார்க்க வருவதாகவும், அன்று சாயங்காலம் எங்களையும் பார்ப்பதாகவும் சொன்னார். கோயிலுக்கு வருகிற வழியில்தான் நாங்கள். பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன். அவனிடம், "இந்தம்மா நம்ம ஆட்டத்தை எடுத்துக்கிட்டா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்கிட்டா யோசிக்கிறேங்க்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தூங்காமல் அலைந்தேன். ஒத்திகையை இரண்டு வேளை ஆக்கினேன். முட்டிக்குக் கட்டுப்போட்டு அதன்மேல் பேன்ட் போட்டு மறைத்தேன்.

மண்டபத்துக்கு மைக் செட் போட வந்தவர் அந்த வட்டாரத்தில் பேர் போனவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். நான் அவரைத் தனியே அழைத்து, "நடுவுல பாட்டு நிக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. நீங்க எதையும் தொட வேணாம்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். "சரிங்கம்மா, நமக்குத் தெரியாதா" என்றார்.

சாயங்காலம் பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டன. அந்தப் பெண்மணி முதல் வரிசை ஓரத்தில், கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன், அண்ணி, ஊர்க்காரர்கள். அவன் அம்மா கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் நின்றார். அண்ணி எழுந்துபோய், "நாற்காலி காலியா இருக்கே, உக்காருங்க" என்றார். "இருக்கட்டும்மா, நின்னே பாக்குறேன்" என்றார் அவர். மேடையோரத்திலிருந்து நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம்.

ஆட்டம் நன்றாகவே போனது. ஒரு ஆணும் பெண்ணும், அதுவும் எந்தத் தெரு ஆண் எந்தத் தெருப் பெண் என்று எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுவதை ஊர் மூச்சுவிடாமல் பார்த்தது. நாளைக்கு இது டீக்கடையில் ஓடும் என்று ஆடும்போதே என் மனசில் ஒரு பக்கம் ஓடியது. பிறகு இசை நின்றது. முதுகோடு முதுகு சாய்ந்தோம்.

முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "கரண்டு போயிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "ஃபேன் ஓடுதே" என்றார் இன்னொருவர். ஒவ்வொரு தலையாகத் திரும்பி மைக் செட்காரரைப் பார்க்க ஆரம்பித்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொள்வது எனக்கு மேடையிலிருந்து தெரிந்தது. அவர் கை பெட்டியை நோக்கிப் போவதும் தெரிந்தது. வேண்டாம் என்று கத்தக்கூட முடியாமல் நான் நின்றேன்.

உடுக்கைச் சத்தத்தோடு மாரியம்மன் பாட்டு ஒன்று மண்டபம் அதிர எழுந்தது. ஆடி மாசம், எல்லாக் கோயிலிலும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு அது. முன்வரிசைப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவன் அம்மா தூணோரத்தில் கைகூப்பினார். அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷமும் ஒரு பாட்டில் போயிற்று என்று நினைத்தேன். ஓடிப்போய் அந்தப் பெட்டியைப் பிடுங்கி வாய்க்காலில் எறிய வேண்டும் போலிருந்தது. குதிகால் எழும்பியும்விட்டது. அப்போதுதான் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ குலுங்கியது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தான். நான் விலகினால் அவன் விழுவான், சிரித்தபடியே விழுவான். அந்தக் குலுக்கல் என் முதுகெலும்பில் ஏறி எனக்கும் தொற்றிக்கொண்டது. அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சத்தமில்லாமல் சிரித்தபடி நின்றோம். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றதே இல்லை.

முடிந்ததும் மைக் செட்காரர் ஓடிவந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. எல்லாரும் திரும்பித் திரும்பி என்னையே பாக்குறாங்க. செட்டு ரிப்பேர்னு பேராயிட்டா ஆவணியில எவன் என்னைக் கூப்பிடுவான்?" அவரை என்ன சொல்வது? நான் திட்ட வாயெடுப்பதற்குள் அந்த வெளிநாட்டுப் பெண்மணி கண் கலங்க என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த மௌனத்தை உடைத்துக்கொண்டு வந்த பாட்டும், அதற்கு மக்கள் எழுந்து நின்றதும், அதன் நடுவே நாங்கள் இருவர் மட்டும் நடுங்கி நின்றதும் தன்னை உலுக்கிவிட்டதாகச் சொன்னார். இவ்வளவு துணிச்சலான கட்டத்தைச் சமீபத்தில் பார்த்ததில்லையாம். ஆட்டத்தை எடுத்துக்கொள்வதாக அங்கேயே சொல்லிவிட்டார். நான் மைக் செட்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்மணிக்கு நன்றி மட்டும் சொன்னேன்.

எல்லோரும் போனபின் மண்டபத்துப் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் அவன் முன்னால் நடந்துகொண்டே பேசினேன். விசா, ஒத்திகை, அடுத்த வருஷம் என்று என்னென்னவோ அடுக்கினேன். அவன் முழுக்கக் கேட்டான்.

"வேலையில சேரப்போறேங்க்கா" என்றான்.

"எடுத்துக்கிட்டா யோசிக்கிறேன்னியே!"

"யோசிச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை. கோழை என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கிட என்றேன். அவன் திருப்பித் திட்டவில்லை. பெங்களூராக இருந்திருந்தால் திட்டியிருப்பான்.

"நீங்க ஆடுனா ஆர்ட்டிஸ்டும்பாங்க. நான் ஆடுனா கூத்தாடிப் பயலும்பாங்க, அது கெடக்கட்டும். எங்கம்மாவைப் பாத்தீங்கல்ல? உங்களால உக்கார முடியல. எங்க வீட்டுல யாரையும் யாரும் உக்காரவே விட்டதில்லக்கா. எனக்கு ஒரு தடவை உக்காந்து பாக்கணும்."

அப்போதும் நான் நடந்துகொண்டேதான் இருந்தேன்.

விழாவுக்கு இன்னொருவனோடு போனேன். பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பையன், என்னைவிட நன்றாகப் பயின்றவன், ஒரு பிசகும் கிடையாது. ஆட்டத்தன்று காலை நாகப்பட்டினத்திலிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்திருந்தது. பின்னணியில் யாரோ பட்டா மாற்ற அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "இருங்கய்யா, ஒரு நிமிஷம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, "அக்கா, பாட்டு வந்ததும் சிரிச்சிடாதீங்க" என்றான். நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது அதில் கேட்டது.

இப்போது மாரியம்மன் பாட்டு எங்கள் ஆட்டத்தில் ஒரு பகுதி. அந்த அரங்கத்து ஒலிப் பொறியாளர் எந்த நொடியில் தொடங்க வேண்டும், எவ்வளவு சத்தம் வேண்டும் என்று என்னிடம் மூன்று முறை கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். மௌனம் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு நாற்காலிகூட நகரவில்லை. சரியான நொடியில் உடுக்கை ஒலித்தது. நான் என் முதுகால் காத்திருந்தேன். பின்னால் இருந்த முதுகு சுவர் மாதிரி அசையாமல் இருந்தது. என் முதுகுதான் குலுங்கத் தொடங்கியது. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை.

"என்னாச்சு, முட்டி வலிக்குதா?" என்று அந்தப் பையன் உதடு அசையாமல் கேட்டான்.

அன்றைக்கு முட்டி வலிக்கவே இல்லை.