'கூறினார்' அர்த்தநாரி

இடக்கைச் சுட்டுவிரல் ஆங்கிலத் தாளில் ஒரு வரியின் கீழே ஊர்ந்து போகிறது. வலக்கை மட்டும் தட்டச்சு செய்கிறது, இரண்டே விரல்களால். வரியில் 'சொன்னார்' என்பதற்கான ஆங்கில 'செட்' (said) வந்ததும் இடக்கை நின்றுவிடும். உதடு அசையும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, என்ன கேட்டதற்குச் சொன்னது? விடை தாளிலேயே இருந்தால் வலக்கை 'கூறினார்' என்று அடிக்கும். இல்லாவிட்டால் தொலைபேசிக்குப் போகும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பல் மருத்துவர் வீட்டு மாடியில் நடக்கும் மாலைப் பத்திரிகையில் அர்த்தநாரி உதவி ஆசிரியர். செய்தி நிறுவனம் அனுப்பும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதுவது அவர் வேலை. திருச்செங்கோட்டில் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தபோது, பார்சல் சுற்றி வந்த ஆங்கிலப் பத்திரிகைகளைப் பிரித்து நீவி வைத்துப் படித்துக் கற்ற ஆங்கிலம். பேசச் சொன்னால் சிரித்து மழுப்புவார். எழுத்தில் அவரிடம் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை.

ஒரு பக்கத்தில் முப்பது முறை 'செட்' போடவும் ஆங்கிலக்காரர்கள் கூச்சப்படுவதில்லை என்பது அந்தத் தாள்களில் அவர் கண்ட முதல் பாடம். நம் பத்திரிகைகளில் அமைச்சர் முழங்குவார், எதிர்க்கட்சிக்காரர் சாடுவார், பிடிபட்டவர் பகீர் தகவல் வெளியிடுவார். அர்த்தநாரியின் பக்கத்தில் எல்லாரும் கூறுகிறார்கள். அதுவே பட்டப்பெயராகிவிட்டது. "கூறினார் டீ குடிச்சாச்சுங்களா?" என்று பக்கம் வடிவமைக்கும் பிரபா கேட்டால், "குடித்ததாகக் கூறினாருங்க" என்பார், முகம் மாறாமல்.

சென்ற வாரம் நாமக்கல் பக்கத்துச் செய்தி ஒன்று வந்தது. சென்னியம்மாள் என்பவரின் கோழிப்பண்ணையில் அதிகாரிகள் ஆய்வு செய்தார்கள். விரிசல் விட்ட முட்டைகள் இருந்ததை அவர் ஒப்புக்கொண்டார் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆறாயிரம் கோழிகள் உள்ள சிறு பண்ணை. அந்தச் சொல் மாலையில் அச்சாகி வந்தால் மறுநாள் முட்டை வியாபாரியின் வண்டி அந்த வாசலில் நிற்காது. பன்னிரண்டு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். ஆசிரியர் முருகானந்தம் 'ஒப்புக்கொண்டார்' என்றே தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

அர்த்தநாரியின் விரல் அந்த வரியில் நின்றது. ஒப்புக்கொண்டார் என்றால் முதலில் மறைத்திருக்க வேண்டும். மறைத்ததாகத் தாளில் எங்கும் இல்லை. நாமக்கல் நிருபர் தனபாலைக் கூப்பிட்டுப் பண்ணைக்கே போகச் சொன்னார். தனபால் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார்: கொட்டகை ஓரத்தில் தனியாக நான்கு அட்டை முட்டை, அதன்மேல் செருகிய சீட்டில் 'விரிசல், விற்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. பிறகு கைபேசியைச் சென்னியம்மாளிடம் கொடுத்தார்.

"அவிங்க கேக்கறதுக்கு முன்னாலயே நாந்தானுங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுனேன். ஒளிச்சு வெச்சிருந்தாத்தானே சாமி ஒத்துக்கறதுக்கு?"

அர்த்தநாரி அதோடு விடவில்லை. ஆய்வுக்குப் போன அதிகாரி ஒருவரையும் தொலைபேசியில் பிடித்தார். அந்த அம்மாவே காட்டியது உண்மைதான் என்றார் அவர்.

முருகானந்தம் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்து நின்றார். மற்ற பத்திரிகைகள் எல்லாம் ஒப்புக்கொண்டார் என்றுதான் போடும், நம்முடையது சப்பென்று இருக்கும் என்றார்.

"இருக்கட்டுங்க. அந்தம்மா சொன்னது அவ்வளவுதானுங்க."

"நாளைக்கு ஏதாச்சும் பிரச்சினை வந்துச்சுன்னா?"

அர்த்தநாரி சரிபார்க்க அச்சிட்ட பக்கத்தை எடுத்தார். அவர் மாற்றிய தலைப்பில், 'விரிசல் முட்டைகளைத் தானே காட்டியதாகப் பண்ணை உரிமையாளர் கூறினார்' என்று இருந்தது. யார் பொறுப்பில் பக்கம் போகிறதோ அவர் அடியில் பெயரின் முதலெழுத்தை மட்டும் போடுவது அங்கே வழக்கம். அர்த்தநாரி முதலெழுத்தோடு நிறுத்தவில்லை. தம் பெயரை முழுதாக எழுதினார். தாளைத் திருப்பி, எழுத்து ஆசிரியருக்கு நேராக வரும்படி பிடித்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.