வாட்டர்லூவுக்குப் பின்னால் ஒரு கதிரை

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ஆகவே இதைக் கேட்டுவிட்டு நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் மகன் சிரித்தான், கோயில் பாதர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது, நடந்தது நடந்ததுதான்.

நாங்கள் ஸ்ட்ரெதமில் இருக்கிறோம். எனக்குப் பகலில் பள்ளிக்கூடச் சமையலறை, பின்னேரம் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. லண்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், ஊரிலிருந்து ஆட்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிற பாலத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. ஒருநாள் பஸ் வேறு வழியால் போனதால் நடுவில் இறங்கி நடந்தேன், அவ்வளவுதான், பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன், யாரும் படமெடுக்க வராத பழைய தெருவாகப் பார்த்துப் போவேன். இந்த வயதில் தெருத்தெருவாக என்ன அலைச்சல் என்று வீட்டில் கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புஷ்பம் என் கணவரின் தங்கை, கிங்ஸ்பரியில் இருப்பவள். அவளுடைய புருஷன் வேலைக்குப் போன இடத்திலேயே சரிந்து விழுந்து செத்துப்போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் அவளைத்தான் கேட்டார்கள். காலையில் முகம் எப்படி இருந்தது, நெஞ்சு நோகுது என்று சொல்லவில்லையா, நீ கவனிக்கவில்லையா. பதில் சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அதனால்தான் அவளையும் இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாட்டர்லூ ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் போனோம். ஆற்றங்கரையில் தோளோடு தோள் முட்டுகிற கூட்டம், இந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் ஒரு காக்காய் குருவிகூட இல்லை. தாழ்வான பழைய செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம். தெருவின் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். நல்ல வெயில், மத்தியானம், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பச்சைக் கதவு திறந்திருந்தது. வாசலில் ஏப்ரன் கட்டிய வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி, உள்ளே வாருங்கள், எவ்வளவு நேரமாக நடக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். பழைய வீடுகளைச் சில நாட்களில் சும்மா பார்க்க விடுவார்கள், இதுவும் அப்படி என்று நினைத்தேன். புஷ்பம் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

உள்ளே நீளமான மேசை. அதைச் சுற்றி ஆட்கள், ஆணும் பெண்ணும், சாதாரண உடுப்புத்தான், எல்லாருக்கும் முன்னால் தேத்தண்ணீர்க் கோப்பை. ஒருவரும் குடிக்கவில்லை, ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரேயொரு கதிரை காலியாக இருந்தது. புஷ்பம் தன் வீடு மாதிரி அதில் போய் உட்கார்ந்தாள். கிழவி என்னைப் பார்த்து, உனக்கும் ஒன்று வருகிறது என்றாள். அப்போதுதான் மேல்மாடிப் படியில் யாரோ கதிரையை இழுத்து வருகிற சத்தம் கேட்டது, தடக், தடக் என்று, ஒவ்வொரு படியாக. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்குக் கதிரை போட இவள் யார்?

"எழும்பு புஷ்பம், போவம்" என்றேன்.

அவள் மாதக்கணக்கில் வாய் திறக்காதவள், தெளிவாகச் சொன்னாள்: "கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன் அண்ணி. இவையள் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை."

"நான் கேப்பன். சாகுமட்டும் கேப்பன். எழும்படி."

கையைப் பிடித்து இழுத்தேன். நிலத்தில் ஆணி அடித்தது போல் அவ்வளவு பாரம். மாதாவே என்று ஒரே இழுப்பு, கதவைத் தாண்டித் தெருவில் வந்து விழுந்தோம். அதே வெயில். தலையைத் திருப்பாமல் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம்.

அடுத்த கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் ஒரு நீலக் கதவும் ஒரு கறுப்புக் கதவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, நடுவில் வேறு கதவுக்கு இடமே இல்லை. உங்களுக்கு இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கும் அம்மா என்றான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இறங்குமா என்று கேட்டேன். இனி அந்தப் பக்கம் போகாதே என்று எல்லாரும் சொன்னார்கள். போனேன், போன மாதமும் போனேன். எனக்குப் பிடித்த தெருவை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது மனிசரோ மற்றதோ.

புஷ்பம் இப்போது நன்றாக இருக்கிறாள், கார் ஓட்டப் பழகிவிட்டாள், என்னைவிட அதிகம் பேசுகிறாள். அந்த நாளைப் பற்றி மட்டும் நாங்கள் கதைத்ததில்லை. போன நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு பேரும் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கும்போது நான்தான் வாயை விட்டேன், நல்லகாலம் நான் உன்னை இழுத்து வந்தேன் என்று.

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி சொல்லுறியள்? நான் வாசலிலதானே நிண்டனான். நீங்கள்தான் அந்தக் கதிரையில போய் இருந்தனீங்கள். களைச்சுப்போனன், இனி ஏலாது எண்டு சொன்னனீங்கள். நானெல்லோ உள்ளுக்கு ஓடிவந்து உங்களை இழுத்துக்கொண்டு வந்தனான்."

அப்படி ஒரு சொல் என் வாயில் வந்ததே கிடையாது. வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன், மாதா மேல் சத்தியம். ஆனால் அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோது, நாலு விரல் பதிந்து கன்றிப்போய் இருந்தது என்னுடைய மணிக்கட்டுத்தான்.