நாவற்கறை

ஒரு மனிதன் தன் கால் பெருவிரல் அழுகுவதைப் பழக்கறை என்று நம்பி, தினமும் தேசிக்காய் தேய்த்துக் கழுவினான் என்று கதையொன்றில் வந்தால், நம்பும்படி இல்லையென்று புத்தகத்தை மூடிவைத்திருப்பேன். அந்த மனிதன் நான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால், வாய்க்காலோரம், யாரும் நடாத நாவல் மரமொன்று நிற்கிறது. வௌவால் போட்ட விதையாக இருக்கலாம். எனக்கு நீரிழிவு. நாவற்கொட்டைத் தூள் சீனியை இறக்கும் என்று பழைய வைத்திய நூலொன்றில் வாசித்தேன். நாவலந்தீவில் பிறந்தவனுக்குக் குளிசை எதற்கு என்று டொக்டர் தந்ததை நிறுத்திவிட்டேன். காலையில் ரப்பர் செருப்போடு போய்ப் பழம் பொறுக்குவேன். கொட்டை மருந்துக்கு, சதை எனக்கு. திரும்பும்போது பாதமிரண்டும் ஊதாவாக இருக்கும்.

அங்கேதான் ஏதோ குத்தியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. என் பாதங்கள் மரத்துப்போய் வெகுகாலம். எந்தச் செருப்பும் கடிக்காததை என் பொறுமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

வலது பெருவிரல் கறுத்தே கிடந்தது.

"இன்னும் போகேல்லையே?" என்றாள் மனைவி.

"நாவற்கறை. லேசில போகாது."

"நாறுதப்பா."

"பழம் புளிச்ச மணம்."

அவள் தெருவில் போன திரீவீலைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் விரலை அழுத்திப் பார்த்தார். நாவலின் குணங்களை நான் விளக்கத் தொடங்கினேன். "ஐயா, விரல் செத்துப்போச்சு," என்றார் அவர். "எடுக்கோணும். கிருமி மேல ஏறியிருந்தா பாதமும் போகும். வெட்டினாத்தான் தெரியும்."

அடுத்த கட்டிலில் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர். முழங்காலுக்குக் கீழே அவருடைய போர்வை தட்டையாகக் கிடந்தது.

"உங்களுக்கு எவ்வளவு எடுக்கிறாங்க, அண்ணே?" காணி அளவு விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ஒரு விரல்தான்," என்றேன், சிறு காணிக்காரனின் கூச்சத்தோடு.

"எனக்கும் விரல்லதான் தொடங்கிச்சு," என்று சொல்லிவிட்டு, சிலுவைக் குறியிட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அன்று முழுவதும் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடங்களில் அதை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

விரல் போனது. பாதம் மிஞ்சியது, இப்போதைக்கு என்றார் டொக்டர்.

வீட்டில் மனைவி காயத்துக்குத் துணி சுற்றும்போது, என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "ஆர் பாத்தாலும் கறையெண்டுதானே நினைப்பினம்?"

அவள் முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மற்றக் காலிலயும் நாவற்கறை பட்டதெல்லே. அது அடுத்த நாளே வெளுத்திட்டுது."