கொடிக்குப் பக்கத்தில் நின்றவர்

யோகன் காலமாகிவிட்டார் என்று எங்கள் சஞ்சிகைக் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் சட்டனில் இருக்கும் யோகனைத்தான் நினைத்தேன். அவருக்குத்தான் நெடுநாளாக உடம்பு சரியில்லை. செத்தவீட்டுக்கு யார் யார் போவது, காரில் இடம் இருக்குமா என்று கேட்பதற்காக, இல்ஃபோர்ட் ஸ்டேஷனில் நின்றபடியே எங்கள் இன்னொரு யோகனான செவன் கிங்ஸ் யோகண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருடைய மனைவி வசந்தி அக்காதான் எடுத்தார். "அண்ணை நிக்கிறாரே அக்கா? சட்டன் யோகன் மோசம் போயிட்டாராம்" என்றேன். "தம்பி, போனது இவர்தான்" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வந்த ரயிலில் ஏறினேன். அது அவர்கள் வீட்டுக்கு எதிர்த்திசையில் போகிறது என்பது ஸ்ட்ராட்ஃபோர்ட்டில்தான் உறைத்தது.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் கர்ட்டன் கடை யோகலிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று அங்கிருந்து லண்டனுக்கு வந்தவர். எனக்கு அவர் எங்கள் சஞ்சிகையின் எழுத்தாளர். ஆசிரியர் என்ற பெயரில் நான் பட்ட பாட்டில் பாதி அவரால் வந்தது. பழைய ஐரோப்பியப் போர்முறைகளைப் பற்றித்தான் எழுதுவார், வேறெதையும் எழுத மாட்டார். தமிழ்ச் சஞ்சிகைக்கு இந்தச் சரக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்டதைச் சொன்னபோது, "அவையளின்ர நாட்டில ஷிப்டும் செய்வம், அரசாங்கப் பெனிபிட்டும் எடுப்பம், அவையளின்ர கதை மட்டும் வேண்டாமோ?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினேன்.

அவர் எழுதிய முதல் கட்டுரை, இரண்டு கையாலும் பிடிக்கும் பெருவாளைப் பற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் கூலிப்படைகள் வைத்திருந்த வாள். நிமிர்த்தி வைத்தால் ஏறத்தாழ ஆள் உயரம் வரும். அந்தக் காலப் போர்க்களத்தில் படைகள் சதுரமாக நெருக்கியடித்து, நீள ஈட்டிகளை நீட்டியபடி நகரும். முன்னாலிருந்து அதற்குள் நுழைவது சாவு. இரட்டைச் சம்பளம் வாங்கும் சில துணிச்சல்காரர்கள் பெருவாளுடன் வரிசையை விட்டு முன்னே பாய்ந்து, ஈட்டித் தலைகளை வெட்டி வழி திறந்தார்கள் என்று அவர் எழுதியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, வாசிக்கும்போது எனக்கே கை பரபரத்தது.

அதோடு நிற்காமல், பழைய போர்களை நடித்துக் காட்டும் ஒரு ஆங்கிலேயக் குழுவிலும் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி மண்டபத்தில் பயிற்சி, கோடையில் ஒரு பூங்காவில் காட்சி. முதல் வருடக் காட்சிக்கு வசந்தி அக்கா கட்டுச்சோறும் உட்கார ஒரு மடக்குக் கதிரையுமாகப் போனார். வெள்ளைக்காரப் பெடியன்கள் முன்னால் ஓடிப் பாய்ந்து மோதினார்களாம். யோகண்ணை பின்னால், கொடி பிடித்தவனுக்குப் பக்கத்தில், அந்தப் பெரிய வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை அசையாமல் நின்றாராம். "கல்யாண வீட்டு வாசல்ல குத்துவிளக்கு வைச்ச மாதிரி வைச்சிருந்தவை" என்று அக்கா அன்றைக்கே எனக்குப் போனில் சொன்னார். கறுப்பன் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்பது அக்காவின் முடிவு. அதற்குப் பிறகு அக்கா எந்தக் காட்சிக்கும் போகவில்லை.

சில காலம் கழித்து இரண்டாவது கட்டுரை வந்தது. முதலாவதற்கு நேர் எதிர். பெருவாளுக்கு முதலில் வேண்டியது இடம் என்றது அது. சுழற்றினால் பக்கத்தில் நிற்கும் சொந்த ஆளும் விழுவான். ஆகவே நெருக்கிய வரிசைக்குள் அதற்கு வேலை இல்லை, அங்கே குட்டை வாள்தான் கைகொடுக்கும். பெருவாள்காரர்கள் கொடியைச் சுற்றியும் அணியின் ஓரங்களிலும் நின்றார்கள். வரிசை குலைந்து எதிரி உள்ளே வரும்போதுதான் அவர்களுடைய வேலை தொடங்கும். ஒடுங்கிய தெருவிலும் கப்பல் தளத்திலும் ஒருவன் பலரை மறித்து நிற்கவும் அந்த வாள் உதவியது. ஸ்பானியரும் போர்த்துக்கீசரும் அதற்கென்றே பயிற்சி முறைகள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொடி விழுந்தால் எங்கே திரள்வது என்று தெரியாமல் படை சிதறிப்போகும், எனவே அதன் பக்கத்தில் நம்பிக்கையான ஆளைத்தான் நிறுத்துவார்கள் என்று முடித்திருந்தார்.

எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் எழுதினது நான்தான். பிந்தினதைப் பிடியும்" என்றார்.

கடையில் ஒருநாள் அவர் எனக்குச் செய்து காட்டியதையும் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே நீளமான கர்ட்டன் தடியை என் கையில் தந்து, ஈட்டி மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு தடியால் ஓங்கி அடித்தார். என் தடி முறியவில்லை. ஒரு பக்கம் ஒதுங்கித் துள்ளித் திரும்பி, மேலே இருந்த லைட்டை உடைத்தது. லேஸ் துணி பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணி துணியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். யோகண்ணைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "பாத்தீரே? ஆள் பிடிச்சிருக்கிற ஈட்டி ஒதுங்குமே தவிர லேசில வெட்டுப்படாது. ஒண்டை ஒதுக்கினாலும் பின்னால நாலு வரும்" என்றார். கண்ணாடித் துண்டுகளை நான்தான் கூட்டி அள்ளினேன்.

மரணச் சடங்குகள் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு நினைவு மலர் அச்சிடும் வேலை என் தலையில் விழுந்தது. வாளோடு கொடியடியில் அவர் நிற்கும் படத்தை நான் அட்டைக்குத் தெரிவு செய்தேன். அவருடைய தமையனார் பதறிப்போனார். "தம்பி, வாளும் கொடியும் ஒரு படத்தில வந்தா சனம் இவனை இயக்கக்காரன் எண்டு நினைக்காதோ? அவன் கர்ட்டன் வித்தவன் எல்லே" என்றார். அது பழைய ஜெர்மன் கொடி என்று விளக்கிப் பார்த்தேன். கடைசியில் கோட் போட்ட பாஸ்போர்ட் படம்தான் அட்டைக்குப் போனது.

அப்போதுதான் அடுப்படியில் நின்ற வசந்தி அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "தம்பி, நீங்கள் அவற்ர ரெண்டு கட்டுரையும் போட்டனீங்கள். எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அந்த இடம் உண்மையாவே மரியாதையான இடமோ? இல்லாட்டி அவையள் ஒதுக்கிவிட, இவர் அதுக்கு ஏத்த மாதிரிக் கதையை மாத்தி எழுதினவரோ? என்னட்டையும் அது பெரிய இடம் எண்டுதான் சொன்னவர். நான் நம்பேல்லை" என்றார். அவமானத்தைத் தனியாக விழுங்கிக்கொண்டு ஒரு மனிதர் தன் வீட்டில் இத்தனை வருடம் இருந்தாரா என்பதுதான் அவருடைய கேள்வி.

கர்ட்டன் தடிப் பரிசோதனை காட்சிக்கு முன்பு நடந்திருந்தால், அவர் நேர்மையாகவே மனம் மாறியிருக்கிறார். பின்பு நடந்திருந்தால், பட்ட இடத்துக்கு மருந்து தேடியிருக்கிறார். எது முன்பு, எது பின்பு என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பழைய இதழ்களைப் புரட்டினேன். கட்டுரைகள் இருந்தன, உடைந்த லைட்டைப் பற்றி எந்த இதழும் எழுதியிருக்கவில்லை. என்ன ஆசிரியர் நான் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தியேட்டிக்கு அந்தப் போர்க்காட்சிக் குழுவின் தலைவர் மார்ட்டின் வந்திருந்தார். கறுப்புக் கோட்டோடு தரையில் சம்மணமிட்டு, சோற்றையும் பருப்பையும் கையால் பிசையப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் இங்கிலிஷில் கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார். முதல் வருடம் யோகண்ணையை அங்கே நிறுத்தியது மரியாதைக்காக இல்லை. அவருடைய முழங்கால் ஓடத் தாங்காது, சும்மா நிற்கக்கூடிய ஒரே இடம் அதுதான். ஆனால் மார்ட்டின் முடிக்கவில்லை. முழங்காலுக்கு ஆபரேஷன் செய்த பிறகு ஒவ்வொரு வருடமும் அவரை முன்னுக்கு வரச் சொன்னதாகவும், அவர் ஒவ்வொரு முறையும் மறுத்ததாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். மனைவி ஒருமுறை வந்து தன்னை அந்த இடத்தில் பார்த்தவர், இன்னொரு முறை வந்தால் அங்கேதான் தேடுவார் என்று சொன்னாராம். மார்ட்டின் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்திருக்கிறார். யோகண்ணையும் சேர்ந்து சிரித்தாராம்.

இதை அக்காவிடம் சொல்வதா, விடுவதா என்று குழம்பிக்கொண்டே கை கழுவினேன். பிறகு போய் முழங்காலையும் சொன்னேன், மற்றதையும் சொன்னேன்.

"அப்ப நான் பாத்தது சரிதான்" என்றார்.

"முதல் வருசம் சரிதான் அக்கா."

அவர் வாழையிலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டே இருந்தார். "விசர் மனுசன்" என்றார். "வா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போயிருப்பன்." சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

பெருவாள்காரர்கள் முன்னால் பாய்ந்தார்களா, கொடியடியில் நின்றார்களா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தந்தப் போரில் அந்தந்த மாதிரி நின்றிருக்கலாம். யோகண்ணை எதை உண்மையாக நம்பினார் என்பதிலும் தெளிவில்லை. இனிக் கேட்கவும் ஆள் இல்லை. அவர் எழுதிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எழுதாத ஒன்றைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். மார்ட்டின் இங்கிலிஷில் சொன்னதை அண்ணையின் குரலில், அண்ணையின் தமிழில் அடிக்கடி எனக்குள் சொல்லிப் பார்க்கிறேன்: "இல்லையடாப்பா, நான் இதிலயே நிக்கிறன். அவ வந்தா இங்கதான் தேடுவா."