கண்ணில் படாத டவரின் நிறம்

எங்கள் ஊர்க் கூட்டம் இன்று வரலாற்று முடிவு ஒன்றை எடுத்தது. வரப்போகும் செல்போன் டவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். செங்காவி கேட்டவர்கள் கண்ணியமாகத் தோற்றார்கள்.

டவர் எங்கே நிற்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. பெரிய வீடுகள் உள்ள வீதியிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படக் கூடாது என்பது விதி. ஆகவே, கண்ணில் படாத ஒன்றின் நிறத்தைப் பற்றி மதியம் வரை பேசினோம்.

மறைவான இடம் என்று இருப்பது ஒரு பூட்டிய வீட்டின் பின்கட்டுதான். அதற்குப் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். வந்திருந்த ஒரே பங்காளி, "சினிமாக்காரவுக படம் எடுக்க வர்ற வீடு. இரும்பை நட்டு வச்சா எவுக வருவாக?" என்றார்.

எங்கள் பக்கத்து வீட்டு வள்ளியக்கா எழுந்தார்.

"எந்தக் கலர வேணும்னாலும் அடிங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஏற்கெனவே ஒருக்க நெஞ்சு அடைச்சுச்சு. மறுபடி அடைச்சா, ஆம்புலன்சுக்குப் பேச நான் ஊருணிக் கரைக்கு ஓடணும். அந்நேரம் அவுக பக்கத்துல நீங்க வந்து இருப்பீகளா?"

"அதை அடுத்த கூட்டத்துல பேசுவோம் ஆத்தா" என்றார் தலைவர். டீ வந்தது.

சாயங்காலம் வள்ளியக்கா தன் கணவரைக் கட்டிலோடு ஊருணிக் கரையில் இருக்கும் அவர்களுடைய மாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். அங்கே இரண்டு கோடு சிக்னல் கிடைக்கிறது.