பதினோரு பேர் நிரப்பிய படிவம்

என் அப்பா ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று மகளான எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து நாங்கள் வந்து இருபது வருடமாகிறது. குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பதால் அது எனக்கு விசித்திரமாகத் தோன்றியதே இல்லை.

கல்லூரி முடித்த வருடம் நானும் ஒரு நண்பனும் சேர்ந்து, உலக விவகாரங்களைப் பேசுவதற்கென்றே ஓர் இளைஞர் வட்டம் தொடங்கினோம். அவன் சிகந்தராபாத் ரயில்வே காலனிக்காரன். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம், அவனுடைய தமிழில் பாதி தக்கனி உருது. சனிக்கிழமை மாலைகளில் ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூடுவோம். ஒரு வாரம் செங்கடலில் கப்பல்கள் ஏன் சுற்றிப் போகின்றன என்று பேசினால் அடுத்த வாரம் மியான்மர். இரண்டே வருடத்தில் நாற்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். பெரும்பாலும் என்னைப் போல விஞ்ஞானிகள், பொறியாளர்கள் வீட்டுப் பிள்ளைகள்.

அப்போதுதான் ஐரோப்பாவிலிருந்து அந்தப் பெண் எழுதினாள். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையத்தில் இருப்பதாகவும், நாங்கள் இணையத்தில் போட்டிருந்த கட்டுரைகளைப் படித்ததாகவும் சொன்னாள். உண்மையாகவே படித்திருந்தாள். நான் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அதில் எங்கே தவறினேன் என்று விளக்கினாள். அதுவரை யாரும் என்னை அவ்வளவு மதித்துத் திருத்தியதில்லை. மாதம் ஒரு முறை எங்களுக்கு வீடியோவில் வகுப்பு எடுத்தாள். முடிந்ததும் நானும் அவளும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லையா, சத்தமே கேட்கவில்லையே என்றாள். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அப்பா இரண்டு வாரமாகக் கடற்கரைப் பக்கம் வேலையாகப் போயிருக்கிறார், வருடத்தில் சில தடவை இப்படிப் போவார் என்றேன். மழை பெய்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னேன்.

சில வாரம் கழித்து அவள் ஒரு படிவம் அனுப்பினாள். வெளிநாட்டு மாநாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்க என்றாள். நான் திறந்துகூடப் பார்க்காமல் எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, நான் வேலை பார்க்கும் ஆபீஸுக்குக் கிளம்பினேன். மதியம் நண்பன் போன் செய்தான்.

"நீ இந்த ஃபார்ம பாத்தியா?"

"இல்ல. ஏன்?"

"மூணாவது பக்கம் பாரு. அப்பா எங்க வேலை செய்றாரு, எந்த பிரிவு, எத்தன மாசத்துக்கு ஒரு தடவ வெளியூர் போறாரு. மாநாட்டுக்குப் போறதுக்கு இதெல்லாம் கைக்கு, எதுக்கு?"

திறந்து பார்த்தேன். திரையில் எழுத்துகள் நகர்வது போலிருந்தது. அப்பா கடற்கரைப் பக்கம் என்று நானே அவளிடம் சொன்னது அந்த நொடியில்தான் என் காதில் விழுந்தது. எழுந்து வாஷ்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அவள் குறிப்பிட்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு அன்றே எழுதினோம். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று மறுநாள் பதில் வந்தது. அதற்குள் எங்கள் ஆட்களில் பதினோரு பேர் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.

நண்பன் டியூஷன் சென்டர் வாசலுக்கு வந்தான்.

"எல்லாத்தையும் டிலீட் பண்ணிடு. குரூப்பையும் கலைச்சிடு. போலீஸ் கீலீஸ் நக்கோ, வேணாம்."

"அந்தப் பதினோரு பேர்?"

என் கட்டைவிரல் அழிக்கும் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தியிருப்பேன். அழித்தால் அவள் கையில் இருப்பது அழியாது, எங்கள் கையில் இருப்பதுதான் அழியும் என்று தோன்றியதால் அழுத்தவில்லை. தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"எங்க போயிருக்கேன்னு சொன்னே?"

"கடற்கரைப் பக்கம்னு."

"எத்தன நாளுன்னு சொன்னியா?"

"ரெண்டு வாரம்னு சொன்னேன்ப்பா."

"நான் அங்க இருக்கும்போதேவா?"

"ஆமா."

அம்மா குறுக்கே வந்தாள். "அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ள."

"சின்னப் பிள்ள இல்ல," என்றார் அப்பா. குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்குக் காலையில நானே ஆபீஸ்ல சொல்லுதேன். நீ ஒண்ணையும் அழிக்காத. ஒரு மெசேஜ்கூட."

"உங்களுக்கு என்ன ஆகும்ப்பா?"

"தெரியல," என்றார். கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அப்பா போய்ச் சொன்னபின் பாதுகாப்பு அதிகாரிகள் என்னை மூன்று நாள் விசாரித்தார்கள். யாரும் அதட்டவில்லை. ஒரு பெண் அதிகாரி ஒரே கேள்வியைக் காலையிலும் மாலையிலும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டார். என் பதில் மாறிவிடுமோ, மாறினால் பொய் என்று எழுதிக்கொள்வார்களோ என்று பயந்து, உண்மையையே மனப்பாடம் செய்து சொன்னேன். போனையும் லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டார்கள். அப்பாவை அவருடைய பிரிவிலிருந்து சாதாரண மேஜை வேலைக்கு மாற்றினார்கள். அதை அவர் சொல்லவில்லை. தினமும் ஐந்தரைக்கே வீடு திரும்பியதை வைத்து அம்மா கண்டுபிடித்தாள். வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

பதினோரு வீடுகளுக்கும் நேரில் போய்ச் சொல்லலாமா என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். அவர்களுக்கு ஏற்கனவே தகவல் போய்விட்டது, போவதானால் போ என்றார். நண்பனும் வந்தான். "ஹவ், ஆமா, நானும்தான குரூப்ப நடத்துனேன்," என்றான். ஒரு வீட்டில் தந்தை எங்களை வாசலிலேயே நிறுத்தித் தெலுங்கில் திட்டினார். அக்கம்பக்கத்து பிளாட்களில் கதவுகள் திறந்து மூடின. இன்னொரு வீட்டில் ஓர் அம்மா காபி கொடுத்துவிட்டு, "என் பொண்ணுக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை.

ஐந்து மாதம் கழித்து போன் திரும்பி வந்தது. பெரிய சேதம் இல்லை, உடனே சொன்னது நல்லது என்றார்கள். அவள் யார் என்று கேட்டதற்கு, அது உனக்குத் தேவையில்லை என்றார்கள். அடுத்த மாதம் அப்பா பழைய பிரிவுக்குத் திரும்பினார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வட்டத்தை மீண்டும் தொடங்கியபோது ஏழு பேர் வந்தார்கள். பெற்றோர் பற்றி யாரும் எங்கும் எதுவும் எழுதக்கூடாது, வெளியாட்களோடு தனியாகப் பேசக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டோம். சில வாரத்தில் டாக்காவிலிருந்து ஒரு மாணவர் குழு, நதிநீர் பற்றிச் சேர்ந்து பேசலாமா என்று எழுதியது. மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன். பிறகு அந்தக் கல்லூரியின் எண்ணை நாங்களே தேடி எடுத்து, அலுவலகத்துக்குப் போன் செய்தோம். ஒரு பேராசிரியர் பேசினார். ஆமாம், அவர்கள் எங்கள் பிள்ளைகள்தான் என்றார். அதன்பிறகும் போனை நண்பனிடம் கொடுத்துவிட்டேன், பதிலை அவன்தான் தட்டச்சு செய்தான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் நதிகளைப் பற்றிப் பேசினோம். நல்ல பேச்சு. முடிவில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே, உங்கள் ஊரில் இப்போது மழையா என்று கேட்டாள். நான் நண்பனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். பெய்கிறது என்று மட்டும் சொன்னேன்.